இறக்கிய கோப்பில் சந்தேகமா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு சரியில்லை என்று தோன்றினால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அதை இயக்கியாகிவிட்டதா, இல்லையா? டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சும்மா கிடக்கும் வரை பெரும்பாலான கெட்ட கோப்புகளால் எதுவும் செய்ய முடியாது. இரட்டை கிளிக் செய்த நொடியில் நிலைமை அடியோடு மாறிவிடும். அதனால் இந்த வழிமுறையின் முதல் பாதி இன்னும் இயக்காத கோப்புக்கு, பின்பாதி இயக்கிவிட்டவர்களுக்கு. ஏற்கெனவே இயக்கிவிட்டீர்கள் என்றால் இணைய இணைப்பை இப்போதே துண்டித்துவிட்டு, கைப்பேசியில் இதைத் திறந்து, "இரட்டை கிளிக் செய்தேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

தொடங்கும் முன் இரண்டு அமைப்புகள்

விண்டோஸ், கோப்புப் பெயரின் கடைசித் துண்டை, அதாவது எக்ஸ்டென்ஷனை, இயல்பாகவே மறைத்து வைக்கிறது. பல ஏமாற்று வேலைகள் இந்த ஒரு வசதியை நம்பித்தான் நடக்கின்றன. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ → ஷோ → ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ பட்டையிலேயே அந்தப் பெட்டி இருக்கும்.

அடுத்தது, விண்டோஸ் செக்யூரிட்டி → ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் → ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொட்டெக்ஷன். அதற்குள் இருக்கும் எல்லா விசைகளும் ஆனில் இருக்கட்டும். தேவையற்ற மென்பொருள்களைத் தடுக்கும் விசையும் அங்கேதான் இருக்கிறது. சில கணினிகளில் அது அணைந்தே கிடக்கும்.

அறிகுறி: ஐகான் பிடிஎஃப் போல இருக்கிறது, ஆனால் பெயரோ வகையோ பொருந்தவில்லை

ஐகானை நம்ப வேண்டாம். இயங்கும் நிரல் ஒவ்வொன்றும் தன் ஐகானைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிடிஎஃப் படத்தையோ ஃபோல்டர் படத்தையோ அதில் வைப்பது நிரல் எழுதுபவருக்கு ஒரு நிமிட வேலை. பார்க்க வேண்டியது எக்ஸ்டென்ஷனை. ஈஎக்ஸ்ஈ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பிஏடி, சிஎம்டி, ஜேஎஸ், விபிஎஸ், எச்டிஏ, எல்என்கே ஆகியவற்றில் ஒன்றில் பெயர் முடிந்தால் அது ஆவணம் அல்ல, கட்டளை. பில், விண்ணப்பம், ரெஸ்யூமே, புகைப்படம் என்ற பெயரில் இவற்றில் ஒன்று வந்திருந்தால் ஆராயவே வேண்டாம், அழித்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொன்ன பிறகும் இரண்டு வழிகளில் ஏமாறலாம். ஒன்று, எல்என்கே எனப்படும் ஷார்ட்கட் கோப்பு. அதன் எக்ஸ்டென்ஷனை எக்ஸ்ப்ளோரர் எப்போதும் மறைத்தே வைக்கும். ஐகானின் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்பு தெரிகிறதா பாருங்கள். ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் டார்கெட் என்ற பெட்டியில் அது உண்மையில் எதை இயக்கப்போகிறது என்று இருக்கும். அங்கே பவர்ஷெல், சிஎம்டி, எம்எஸ்எச்டிஏ போன்ற, கட்டளைகளை இயக்கும் நிரல்களின் பெயர்கள் இருந்தால் அது பொறி. டார்கெட்டில் நிறைய வெற்றிடம் விட்டு உண்மையான கட்டளையைப் பெட்டிக்கு வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. அதனால் பெட்டியின் கடைசி வரை கர்சரை நகர்த்திப் பாருங்கள்.

இன்னொன்று, யூனிக்கோடில் உள்ள திசை மாற்றும் எழுத்து. அரபி, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக வந்த, கண்ணுக்குத் தெரியாத குறியீடு அது. பெயரின் நடுவே அதைச் செருகினால் அதற்குப் பின் வரும் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். நடுவில் இருப்பது கடைசியில் இருப்பது போலவும், கடைசியில் இருப்பது நடுவில் இருப்பது போலவும் கண்ணுக்குப் படும். எக்ஸ்ப்ளோரரை டீட்டெய்ல்ஸ் பார்வைக்கு மாற்றி டைப் என்ற பத்தியைப் பாருங்கள். பெயர் எப்படித் தெரிந்தாலும் அங்கே அப்ளிகேஷன் என்றோ ஸ்கிரீன் சேவர் என்றோ உண்மை வெளிவந்துவிடும்.

எக்ஸ்டென்ஷனே இல்லாத சிறிய கோப்பு என்றால் நோட்பேடைத் திறந்து, அதன் ஃபைல் → ஓப்பன் வழியாக அந்தக் கோப்பைப் பாருங்கள். இப்படித் திறப்பதால் அது இயங்காது. முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் எம், இசட் என்றால் விண்டோஸ் நிரல். பி, கே என்றால் ஜிப். இன்றைய வேர்ட், எக்ஸெல் கோப்புகளும் உள்ளே ஜிப்தான், ஆகவே அவையும் பி, கே என்றே தொடங்கும். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அதையடுத்து பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகளும் தொடக்கத்தில் இருக்கும்.

அறிகுறி: "விண்டோஸ் புரொட்டெக்டட் யுவர் பிசி" என்று நீலப் பெட்டி வருகிறது

இது ஸ்மார்ட்ஸ்கிரீன். வைரஸ் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. "இந்தக் கோப்பையும் இதில் கையொப்பமிட்டவரையும் எனக்குப் போதுமான அளவு தெரியாது" என்கிறது, அவ்வளவுதான். ஒரு சிறிய நிரலாளர் நேற்று வெளியிட்ட நல்ல மென்பொருளுக்கும் இதே பெட்டி வரும், இன்று காலை தயாரான மால்வேருக்கும், அதாவது கேடு செய்யும் மென்பொருளுக்கும் வரும். மோர் இன்ஃபோ அழுத்தி ரன் எனிவே கொடுக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் இரண்டையும் பிரித்தறியும் வாய்ப்பே போய்விடும்.

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிரவுசர் ஒரு கோப்பை இறக்கும்போது, விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில் அந்தக் கோப்போடு ஸோன் ஐடென்டிஃபயர் என்ற மறைவான குறிப்பையும் சேர்த்து எழுதுகிறது. அதில் எண் 3 இருந்தால் இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். மார்க் ஆஃப் தி வெப் என்பது இதுதான். ஸ்மார்ட்ஸ்கிரீனும் ஆஃபீஸும் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் உஷாராகின்றன. எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும் பென் டிரைவில் நகலெடுத்தால் குறிப்பு அங்கேயே உதிர்ந்துவிடும். சுருக்கிய கோப்பை விரிக்கும் சில மென்பொருள்கள் உள்ளிருக்கும் கோப்புகளுக்குக் குறிப்பைக் கடத்துவதில்லை. 7-ஜிப்பில் அந்த வசதியே 2022-இல் வெளிவந்த 22.00 பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவும் நாமாக இயக்க வேண்டிய ஒன்றாக. டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → 7-ஜிப் பகுதியில் ஸோன் ஐடி வரியை யெஸ் என்று மாற்றி வையுங்கள். நண்பர் பென் டிரைவில் கொடுத்த கோப்புக்கு எச்சரிக்கை வரவில்லை என்பதால் அது சுத்தம் என்று ஆகாது. குறிப்பு தொலைந்திருக்கலாம்.

இந்தப் பெட்டி வந்தால் கேன்சல் செய்துவிட்டு மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

1. எங்கிருந்து இறக்கினீர்கள்? பிரவுசரின் டவுன்லோட் பட்டியலில் முகவரி இருக்கும். தேடுபொறியில் மேலே வந்த விளம்பரத்தைச் சொடுக்கிப் போயிருந்தால், அழித்துவிட்டு மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் ஓரெழுத்து மாற்றிய போலித் தளங்கள் விளம்பர இடத்தில்தான் அதிகம் அமர்கின்றன.

2. கையொப்பம். பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பட்டையைத் திறந்து, பெயரைத் தேர்ந்து, டீட்டெய்ல்ஸ் அழுத்துங்கள். கையொப்பம் சரியாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். கையொப்பமிட்டவர் பெயரும் அந்த மென்பொருளை எழுதியவர் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பெரிய நிறுவனத்தின் மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு முன்பின் கேள்விப்படாத பெயரில் கையொப்பம் இருந்தால் போலி. அந்தப் பட்டையே இல்லையென்றால் கையொப்பம் இல்லை. சிறிய திறமூல மென்பொருள்களில் இது சகஜம், அடுத்த சோதனைக்குப் போங்கள்.

3. ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறி வரிசை. தளத்தில் எஸ்எச்ஏ-256 என்ற தலைப்பின் கீழ் 64 குறிகள் கொண்ட நீண்ட வரிசை கொடுத்திருந்தால், பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு எண்டர் அடியுங்கள். வரும் வரிசையைத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு குறி மாறினாலும் கோப்பு வேறு. பாதியில் அறுந்த பதிவிறக்கமும் இப்படித் தெரியும் என்பதால் ஒருமுறை மறுபடி இறக்கிப் பாருங்கள். அப்போதும் மாறினால் விட்டுவிடுங்கள்.

மூன்றும் சேர்ந்தால்தான் பலம். தனித்தனியாக ஒவ்வொன்றும் தோற்ற சம்பவங்கள் உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்கு (வட்டின் முழு நகலைக் கொண்ட கோப்பு) திருப்பிவிட்டார்கள். தளமே கைமாறிவிட்டால் அதே பக்கத்தில் எழுதியிருக்கும் ஹேஷையும் மாற்றிவிட முடியும். 2017-இல், கணினியைச் சுத்தப்படுத்தும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, செல்லுபடியாகும் கையொப்பத்தோடு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே மால்வேரைச் சுமந்துகொண்டு போனது.

அறிகுறி: இறக்கி முடிந்ததும் கோப்பு காணாமல் போகிறது

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எடுத்து ஒதுக்கியிருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி → வைரஸ் அண்ட் த்ரெட் புரொட்டெக்ஷன் → புரொட்டெக்ஷன் ஹிஸ்டரி போய் பெயரைப் படியுங்கள். ட்ரோஜன் என்று தொடங்கினால் விவாதமே இல்லை, விட்டுவிடுங்கள். பியூஏ என்று தொடங்கினால் விளம்பரங்களையோ கூடுதல் மென்பொருள்களையோ திணிக்கும் நிறுவி. ஹேக்டூல் என்றால் பெரும்பாலும் கட்டண மென்பொருளைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் கிராக், கீஜென் வகை. பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் எம்எல் என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தால் இயந்திரக் கற்றல் வழியாக எடுத்த முடிவு. அரிதான நல்ல மென்பொருளும் சில நேரம் இதில் சிக்கும்.

நல்ல கோப்புதான் என்று நினைத்தால், பல ஆன்டிவைரஸ் இன்ஜின்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் சோதியுங்கள். முதலில் கோப்பை ஏற்றாமல் ஹேஷை மட்டும் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். முன்பே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு உடனே வரும். அங்கே ஏற்றும் கோப்புகளை அதன் கட்டணச் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும், ஆகவே ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை போன்றவற்றை அங்கே போடவே கூடாது. முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 70-க்கு மேற்பட்ட இன்ஜின்களில் பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் கொடி காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பெயர் பெற்ற நான்கைந்து ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் அது உண்மை. பூஜ்யம் வந்தால் டீட்டெய்ல்ஸ் பட்டையில் முதன்முதலில் எப்போது அந்தக் கோப்பு வந்தது என்று பாருங்கள். சில மணி நேரத்துக்கு முன் என்றிருந்தால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. ஒரு நாள் கழித்து ரீஅனலைஸ் கொடுங்கள்.

"நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று குறிப்பு எழுதியிருந்தால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

அறிகுறி: ஜிப்புக்குப் பாஸ்வேர்ட், அதுவும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது

எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதிய பாஸ்வேர்டால் யாரிடமிருந்தும் எதையும் காக்க முடியாது. மின்னஞ்சல் சேவையும் பிரவுசரும் ஆன்டிவைரஸும் உள்ளே எட்டிப்பார்க்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதற்குத் துணையாக வருவது, பெருத்த கோப்பு. விரித்தால் 700, 800 எம்பி, சுருக்கியிருந்தபோதோ சில எம்பி மட்டும். உண்மையான நிறுவி இவ்வளவு சுருங்காது. உள்ளே வெறும் பூஜ்யங்களை நிரப்பி ஊதியிருக்கிறார்கள். வைரஸ்டோட்டலின் வரம்பு 650 எம்பி, பல ஸ்கேனர்களும் பெரிய கோப்புகளைத் தாண்டிவிடும் என்பதை அவர்கள் அறிந்தே செய்வது இது.

சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும் இதே அளவு முக்கியம். வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 6.23-க்கு முந்தைய பதிப்புகளில், ஆர்க்கைவுக்குள் தெரியும் சாதாரணப் படத்தைச் சொடுக்கினாலே அதே பெயருள்ள ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிடும். 7.13-க்கு முந்தையவற்றில், நீங்கள் சொன்ன இடத்துக்கு வெளியே, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில்கூட ஒரு கோப்பை நைசாகப் போட்டுவிட முடிந்தது. 7-ஜிப் என்றால் 25.01 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஹெல்ப் → அபௌட் போய் எண்ணைப் பாருங்கள். பழையதாக இருந்தால் அதன் தளத்திலிருந்து புதியதை இறக்கிய பிறகே மற்ற வேலை.

அறிகுறி: வேர்ட், எக்ஸெல் திறந்ததும் மஞ்சள் அல்லது சிவப்புப் பட்டை

முதல் மஞ்சள் பட்டை புரொட்டெக்டட் வியூ. கோப்பைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் கூண்டு அது. படித்தால் போதும் என்றால் எனேபிள் எடிட்டிங் அழுத்த வேண்டியதே இல்லை. ஆவணத்தின் உள்ளேயே பெரிய படமாக "பார்ப்பதற்கு எனேபிள் எடிட்டிங், பிறகு எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்" என்று இருந்தால் மூடி அழித்துவிடுங்கள். எந்த நேர்மையான ஆவணமும் தன்னைப் படிக்க மேக்ரோ (ஆவணத்துக்குள் இருந்து இயங்கும் சிறு நிரல்) கேட்காது. 2022 முதல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோக்களை ஆஃபீஸ் முழுதாகத் தடுக்கிறது. செக்யூரிட்டி ரிஸ்க் என்ற சிவப்புப் பட்டை அதற்குத்தான், அதில் அனுமதிக்கும் பொத்தானே கிடையாது. அன்பிளாக் செய்து தாண்டும் வழியை அனுப்பியவரே சொல்லித் தருகிறார் என்றால், அவருக்கு நேராகப் போன் செய்து கேளுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்டால், அந்தக் கணக்கைக் களவாடியவரே "ஆமாம், நான்தான்" என்பார்.

மேக்ரோ தடைக்குப் பிறகு ஐஎஸ்ஓ, ஷார்ட்கட், ஒன்நோட் கோப்புகள் வழியாகத் தாக்குதல் திரும்பியது. இன்வாய்ஸ் என்று ஐஎஸ்ஓ கோப்பு வந்தால் திறக்காதீர்கள்.

அறிகுறி: "நான் ரோபோ அல்ல" பக்கம் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தச் சொல்கிறது

உடனே பக்கத்தை மூடுங்கள். அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தவை தங்கும் இடத்தில், ஏற்கெனவே ஒரு கட்டளையை வைத்துவிட்டது. ரன் பெட்டியைத் திறந்து, கன்ட்ரோல்-வி ஒட்டி, எண்டர் அடித்தால் மால்வேரை உங்கள் கையாலேயே இறக்கி இயக்குகிறீர்கள். கோப்பை நீங்கள் இறக்காததால் பிரவுசரின் காவல் எதுவும் குறுக்கே வராது. எந்த காப்ட்சாவுக்கும் கீபோர்டின் இந்த விசைகள் தேவைப்படாது. அழுத்திவிட்டீர்கள் என்றால் இயக்கிய கோப்பாகவே கருதுங்கள்.

அறிகுறி: மேக் அல்லது லினக்ஸில் திறக்க மறுக்கிறது

மேக்கில், இறக்கிய கோப்போடு குவாரன்டைன் என்ற குறிப்பு இருக்கிறது, கேட்கீப்பர் என்ற காவல் வசதி அதைப் பார்க்கிறது. 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து, கன்ட்ரோல்-கிளிக் செய்து ஓப்பன் கொடுத்துத் தாண்டும் பழைய வழி இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் ஓப்பன் எனிவே கொடுக்க வேண்டும். டிஎம்ஜி (மேக்கின் நிறுவிக் கோப்பு) திறந்ததும் "இந்தக் கோப்பை டெர்மினலுக்குள் இழுத்துப் போடுங்கள்" என்று படம் வந்தால் அது கேட்கீப்பரைச் சுற்றிப் போகும் தந்திரம். லினக்ஸில் இறக்கிய கோப்புக்கு இயக்க அனுமதி இயல்பாக இருக்காது. ஆனால் டார் ஆர்க்கைவ் அந்த அனுமதியைத் தன்னோடு கொண்டுவரும்.

சந்தேகம் தீரவில்லை, ஆனாலும் திறந்தே ஆக வேண்டும்

பிடிஎஃப் என்றால் பிரவுசரில் திறந்து படியுங்கள். நிரல் என்றால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், அதாவது கணினிக்குள் தனியாக அடைத்து ஓடும் தற்காலிக விண்டோஸ். புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இருக்கிறது, ஹோம் பதிப்பில் இல்லை. குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், 8 இருந்தால் நலம். டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப் பட்டியலில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸை டிக் செய்து மறுதொடக்கம் செய்யுங்கள். அந்த வரி மங்கலாக இருந்தால், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் → சிபியூ பார்த்து விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்றிருக்கிறதா என உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் பயாஸில் இயக்க வேண்டும். ஹோம் பதிப்புக்காரர்கள் விர்ச்சுவல்பாக்ஸில் தனி இயந்திரம் ஒன்றை அமைத்து, சோதனைக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

சாண்ட்பாக்ஸை மூடினால் உள்ளே நடந்த எல்லாம் அழிந்துவிடும். ஆனால் இயல்பாக அதற்கு இணைய இணைப்பும் உங்கள் கிளிப்போர்டும் கிடைக்கும். அதற்குள் எந்தக் கணக்கிலும் உள்நுழையாதீர்கள், பாஸ்வேர்ட் எதையும் காப்பி செய்து வைத்திருக்காதீர்கள். அங்கே அமைதியாக இருந்த நிரல் வெளியிலும் அமைதியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மெய்நிகர் இயந்திரத்தை மோப்பம் பிடித்து அடங்கிக் கிடக்கும் மால்வேர்கள் நிறைய உண்டு.

அறிகுறி: இரட்டை கிளிக் செய்தேன், ஒன்றுமே நடக்கவில்லை

இயக்கியபின் வரும் அறிகுறிகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். "கோப்பு பழுது போல" என்று நினைத்து இன்னும் இரண்டு முறை கிளிக் செய்வார்கள். தகவல் திருடும் மால்வேர் எந்த ஜன்னலும் காட்டாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் சில நிமிடங்களில் சுருட்டி அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்வதும் உண்டு. பிறகு ஸ்கேன் செய்தால் எதுவும் கிடைக்காது, அதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது.

வரிசை முக்கியம்:

1. வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள்.
2. வேறொரு சுத்தமான கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்பது அதன் வழியாகத்தான். அடுத்து வங்கி, பிறகு சமூக வலைக் கணக்குகள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும்.
3. ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கொடுங்கள். திருடிய குக்கீயை வைத்து ஓடிபி இல்லாமலேயே நுழைய முடியும், அதைச் செல்லாததாக்குவது இந்தப் படிதான்.
4. மின்னஞ்சலில் புதிதாக ஃபார்வேர்டிங் விதி, தெரியாத மீட்பு எண் சேர்ந்திருக்கிறதா பாருங்கள்.
5. கணினியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொட்டெக்ஷன் → ஸ்கேன் ஆப்ஷன்ஸ் → மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். மறுதொடக்கமாகி சுமார் 15 நிமிடம் ஓடும்.
6. அதே இடத்தில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ முழு சி டிரைவோ அங்கே இருந்தால், மால்வேர் நிர்வாகி அனுமதியோடு ஓடியிருக்கிறது. கணினியைத் துடைத்து மறுபடி நிறுவுவதே சரி.

அறிகுறி: தேடுபொறி மாறிவிட்டது, மூலையில் விளம்பரம் குதிக்கிறது

ஒப்பீட்டளவில் லேசானது. மூலையில் வரும் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" பெட்டிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. பிரவுசர் அமைப்புகளில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். தேடுபொறி மாறியிருந்தால் பிரவுசரில் சேர்ந்திருக்கும் தெரியாத எக்ஸ்டென்ஷனை (இங்கே கோப்புப் பெயரின் கடைசித் துண்டு அல்ல, பிரவுசரோடு இணையும் துணை நிரல்) அகற்றுங்கள், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் தேதிப்படி வரிசைப்படுத்தி அன்று வந்தவற்றை நீக்குங்கள். சொந்தக் கணினியில் பிரவுசர் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று காட்டினால், எக்ஸ்டென்ஷனை நீக்கவிடாமல் ஒரு கொள்கை விதியைப் பதித்திருக்கிறார்கள் என்று பொருள். டிஃபெண்டர் முழு ஸ்கேனுக்குப் பிறகும் அது போகவில்லையென்றால் மறுநிறுவல்.

அறிகுறி: ஆன்டிவைரஸ் திறக்கவில்லை, அதன் தளமும் வரவில்லை

காவல்காரனைக் கட்டிப்போட்ட கணினியில் உட்கார்ந்து சுத்தம் செய்ய முயல வேண்டாம். சுத்தமான வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, பழைய பார்ட்டிஷன்களை அழித்து நிறுவுங்கள்.

அறிகுறி: கோப்புகளின் பெயர் மாறி, பணம் கேட்டுக் குறிப்பு இருக்கிறது

இது ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர். நெட்வொர்க்கை அந்த நொடியே துண்டியுங்கள். செருகியிருக்கும் வெளிவட்டுகளைப் பிடுங்குங்கள். பேக்கப் வட்டை இப்போது செருகவே கூடாது, அதையும் பூட்டிவிடும். பணம் கேட்கும் குறிப்பையும் பூட்டிய ஒரு கோப்பையும் வேறு இடத்தில் நகலெடுத்து வைத்து, சுத்தமான கணினியிலிருந்து நோ மோர் ரேன்சம் தளத்தில் கொடுத்துப் பாருங்கள். யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016-இல் தொடங்கியது அது. எந்த வகை ரேன்சம்வேர் என்று அடையாளம் காட்டி, சாவி இருந்தால் இலவசமாகத் தரும். இன்று இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு வட்டில் வைத்திருங்கள். மாதங்கள் கழித்துச் சாவி வெளிவந்த வகைகள் உண்டு.

பேக்கப்பிலிருந்து மீட்பது விண்டோஸை முழுதாகத் துடைத்து நிறுவிய பிறகுதான். ஆவணங்கள், படங்கள் மட்டும் திரும்பட்டும். பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் அதிலிருக்கும் நிறுவிகளையும் விட்டுவிட்டு, தேவையான மென்பொருள்களை அவற்றின் தளங்களிலிருந்து புதிதாக இறக்குங்கள். வினை தொடங்கிய கோப்பு பெரும்பாலும் அந்த ஃபோல்டரில்தான் இன்னும் இருக்கும்.